தாலாட்டுக்காரரின் புதுச் சக்கரங்கள்

அந்தக் காரில் ஏறியவர்கள் உண்டு, இறங்கியவர்கள் உண்டு. நடுவில் என்ன நடந்தது என்று சொல்லத் தெரிந்தவர்தான் ஒருவரும் இல்லை. எல்லாரும் தூங்கிவிடுவார்கள். பழைய வாடகைக் கார். நிறம் வெள்ளை, வெள்ளை என்று சொல்வதுகூட அதன் வயதுக்குக் கொடுக்கிற சலுகைதான். பின்கதவு ஒன்று உள்ளிருந்து திறக்காது, ஓட்டுநரே இறங்கி வந்து வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இறங்குகிறவர்கள் அதைத் தங்களுக்குச் செய்த மரியாதை என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

பார்க்க லட்சணம் கிடையாது. ஆனால் ஓட ஆரம்பித்துவிட்டால் அதன் குணமே வேறு. பள்ளம், மேடு, வேகத்தடை, ரயில்வே கேட் எதுவானாலும் உள்ளே இருப்பவருக்கு ஒரு தகவலாகத்தான் வந்து சேரும், அடியாக வராது. போதாக்குறைக்கு ஓட்டுகிறவரும் அப்படி. பிரேக் போட்டால் போட்டது தெரியாது. கியர் மாற்றுவது கையைப் பார்த்தால்தான் தெரியும். லாரி, பஸ், ஆம்புலன்ஸ் என்று எல்லாவற்றையும் ஓட்டிப் பழகி, ஒரு வண்டியையும் உரசாமல் ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர்.

அவருக்குத் தெருவில் தாலாட்டு என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதை சிறியது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, ஓயாமல் அழுகிற கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போக இந்தக் காரில் ஏறினாள். தெருமுனை திரும்புவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. நன்றாகத் தூங்குகிற குழந்தையை எதற்கம்மா எழுப்பிக் கொண்டுவந்தாய் என்று டாக்டர் அவளைத்தான் திட்டி அனுப்பினார். மறுநாள் குழந்தை அழுதபோது அவள் டாக்டரைத் தேடவில்லை, காரைத் தேடினாள். பேச்சு பரவ எத்தனை நேரம்? அழுகிற பிள்ளை இல்லாத தெரு எது? "தாலாட்டண்ணே, ஒரு சுத்து" என்று கேட்டுக்கொண்டு தாய்மார்கள் வரத் தொடங்கினார்கள். தண்ணீர்த் தொட்டி வரை போய், விளையாட்டு மைதானத்தைச் சுற்றி, ரயில்வே கேட்டைத் தாண்டித் திரும்பினால் ஒரு சுற்று. தாய்க்குப் பதில் தகப்பன் வந்தால் குழந்தைக்கு முன்னால் அவன் தூங்கிவிடுவான்.

தொழிலில் பெயர் வாங்கினால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பீர்கள். அவர் சந்தோஷப்படவில்லை, அதுதான் சங்கதி. ஆம்புலன்ஸ் ஓட்டின ஆளைத் தாலாட்டு என்கிறார்களே என்று அவருக்குள் ஒரு குமுறல். என்னமா ஓட்டுறீங்க என்று யாராவது ஒருவர் ஒரு தடவை சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தார். யார் சொல்வது? பாராட்ட வேண்டிய நேரத்தில் பயணிகள் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டார்கள்.

இந்தக் குமுறலைச் சரியாக மோப்பம் பிடித்தவர் அவர் மனைவியின் தம்பி. மச்சினர் வேலை பார்ப்பதைவிட வேலையைப் பற்றிப் பேசுவதில் கெட்டிக்காரர். ஆள் நல்ல பருமன். அக்கா வீட்டு நாற்காலிகளில் எது தன்னைத் தாங்கும், எது தாங்காது என்று அவருக்கு மனப்பாடம்.

"மாமா, உங்க வண்டியில ஒரு குறையும் இல்ல. யாரும் திரும்பிப் பாக்க மாட்டேங்கிறாங்க, அவ்வளவுதான்" என்றார் ஒரு நாள், தாங்குகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. "மனுசனுக்குச் செருப்பு எப்படியோ, வண்டிக்கு வீல் அப்படி. முதல்ல கீழதான் பாப்பாங்க."

பற்ற வைத்தது அவ்வளவுதான். ஒரு நல்ல நாளில் இருவரும் நெடுஞ்சாலைத் திருப்பத்தில் இருந்த வீல் கடைக்குப் போனார்கள். கடைச் சுவர் முழுக்கச் சக்கரங்கள் மாட்டியிருந்தன. கறுப்பு, வெள்ளி, நட்சத்திரம் போட்டது, ஓட்டை ஓட்டையாக இருப்பது. அவர் கண் போய் நின்றது ஒரே ஒரு ரகத்தில்: பழைய சக்கரத்தைவிட நல்ல உயரம், கறுப்பு, தடித்த கம்பிகள், விளிம்பில் பளபளவென்று ஒரு வெள்ளிக் கோடு. கடைக்காரர் அதைச் சுவரிலிருந்து இறக்கும்போது "ம்ம்ம்ப்" என்று முனகினார். அந்த முனகலில்தான் நம்மவர் விழுந்தார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அவரும் அவர் மனைவியும் பாத்திரக் கடைக்குப் போனால் பாத்திரத்தின் அழகைப் பார்க்க மாட்டார்கள். தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் கெட்டி, கெட்டியாக இருந்தால் நல்லது. பீரோவும் அப்படி, கட்டிலும் அப்படி. அவர்கள் வீட்டு இரும்புக் கட்டிலை நகர்த்த வேண்டாம் என்பதற்காகவே மூன்று தடவை வாடகைக்குக் கிடைத்த நல்ல வீட்டை விட்டுவிட்டார்கள். அந்தப் பழக்கத்தில் அவர் சக்கரத்தையும் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. முகம் மலர்ந்தது.

"நல்ல கனம்" என்றார்.

"நல்ல கனம் அண்ணே" என்றார் கடைக்காரர். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பழைய நாலு சக்கரங்களைக் கடையிலேயே கொடுத்துவிட்டு, புதுச் சக்கரத்தோடு வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை. சிக்னலில் இளவட்டங்கள் குனிந்து பார்த்தார்கள். ஒரு லாரி ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி "எங்க வாங்கினது?" என்று கேட்டார். கண்ணாடிக் கடைகள் இருக்கிற தெருவாகப் பார்த்துப் போனார். கண்ணாடியில் தன் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம் அல்லவா? கார் கிளம்பும்போது முன்பைவிடக் கொஞ்சம் தயங்கியது. அதைக் கம்பீரம் என்று எடுத்துக்கொண்டார். ஸ்டியரிங் திருப்பினால் யோசித்துத் திரும்பியது. அதை நிதானம் என்றார். பிரேக் மிதித்தால் நினைத்த இடத்தைத் தாண்டித்தான் நின்றது. அதற்கும் ஏதோ நல்ல பெயர் வைத்திருந்தார், எனக்கு மறந்துவிட்டது.

பயணிகள் தூங்குவதை நிறுத்தினார்கள். "இந்த ரோட்டை எப்பங்க கடைசியாப் போட்டாங்க?" என்று கேட்டார்கள். மேல்கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அரசாங்கத்தைப் பற்றிப் பேசினார்கள். அவருக்கோ ஒரே ஆனந்தம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பின்சீட்டில் பேச்சுத்துணை கிடைத்திருக்கிறதே! கைக்குழந்தைகள் ஏறும்போது சிணுங்கி, இறங்கும்போது வீறிட்டன. பல் முளைக்கிறது போல என்று தாய்மார்களிடம் சொன்னார். "ரெண்டு மாசக் குழந்தைக்கா அண்ணே?" என்று ஒருத்தி கேட்டுவிட்டு, அதற்கப்புறம் வரவே இல்லை. வராவிட்டால் போகட்டும் என்று இருந்துவிட்டார். தாலாட்டு என்ற பெயர் ஒழிந்தால் சரி.

அந்தச் சமயத்தில்தான் மகள் வந்தாள்.

ஒரே மகள். முதல் பிரசவம் ஆகி, கைக்குழந்தையோடு வருகிறாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. ரயிலிலிருந்து இறங்கியவளைப் பார்த்ததும் அவர் ஓடிப்போய்க் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். கண்ணுக்குக் கீழே கருப்பு. துப்பட்டாவை உள்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தாள். பேச ஆரம்பித்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, எதைப் பற்றிப் பேசினோம் என்று அவரையே கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் போனைக் காணவில்லை என்று எல்லாரும் தேடினார்கள்; அது ஃபிரிட்ஜில், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"இவ தூங்கவே மாட்டேங்கிறாப்பா" என்றாள். "கண்ணை மூடுவா, நான் கண்ணை மூடின உடனே திறந்துடுவா. அம்மாகிட்ட குடுத்துட்டுப் படுத்தாலும் எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது, காது அங்கயே இருக்கு. இவ தூங்கினாத்தான் நான் தூங்குவேன். உங்க கார்ல போட்டா எல்லாக் குழந்தையும் தூங்கிடுதாமே? அதை நம்பித்தான்பா வந்தேன்."

தாலாட்டு என்ற பெயர் அந்த நிமிஷம் அவருக்குப் பதக்கமாகிவிட்டது. "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். தண்ணித் தொட்டி தாண்ட மாட்டா" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். மகள் சிரித்தாள். சிரிக்கும்போதே அவளுக்குக் கண் சொருகியது.

மறுநாள் காலையில் பேத்தியைக் குழந்தை இருக்கையில் வைத்து வாரைப் பூட்டி, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, வண்டியைக் கிளப்பினார். தெருமுனை வேகத்தடையில் பேத்தி முகத்தைச் சுளித்தாள். சாக்கடை மூடியில் வாயைத் திறந்தாள். தண்ணீர்த் தொட்டிக்கு வருவதற்குள் தெருவே திரும்பிப் பார்த்தது. இந்தத் தடவை சக்கரத்துக்காக இல்லை. ரயில்வே கேட்டில் தடக் என்றது முன்சக்கரம், தடக் என்றது பின்சக்கரம், ஒவ்வொரு தடக்குக்கும் பதில் சொல்வதுபோல் குழந்தை ஒரு வீறிடல். வீட்டு வாசலில் வந்து நின்றபோது மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "பரவால்லப்பா" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பரவால்லதான் அவரைக் கொன்றது. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி தான் கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாகிவிட்டதே என்று, அன்றைக்குச் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆனால் சக்கரத்தின் மேல் சந்தேகம் வந்ததா? அதுதான் இல்லை. ஆசைப்பட்டு வாங்கின பொருளின் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் ரோடு சரியில்லை என்றார். வேறு ரோட்டில் போனார், அங்கேயும் அழுதாள். டயரில் காற்று அதிகம் என்று கொஞ்சம் இறக்கினார். கார் குழைந்துகொண்டு போனது, பள்ளத்தில் விளிம்பு தரையைத் தொட்டு 'ணங்' என்றது. வெள்ளிக் கோட்டில் கீறல் விழுந்துவிட்டதோ என்று பதறி இறங்கிப் பார்த்தார். அவர் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் சக்கரத்தைப் பார்த்ததை மகள் கவனித்தாள்.  திரும்பவும் காற்றடித்தார்.

அப்போது ரயில் நிலையத்திலிருந்து ஒரு சவாரி. நாலு பேர், நாலும் தாட்டியான உடம்பு, டிக்கி கொள்ளாத பெட்டிகள். அந்தச் சவாரியில் கார் பழைய மாதிரி மெத்தென்று போயிற்று! பின்னால் ஒருவர் கொட்டாவிகூட விட்டார். நம்மவருக்குப் பொறி தட்டியது. காருக்குள் கனம் இருந்தால் கார் குலுங்காது. ஆகவே காருக்குள் கனத்தை ஏற்ற வேண்டும். கனம் எங்கே கிடைக்கும்? வீட்டில், தாங்குகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

"மச்சான், நாளைக்கு எங்ககூட ஒரு சுத்து வரணும்" என்றார்.

"என்ன மாமா வேலை?"

"ஒரு வேலையும் இல்ல. முன்சீட்டுல சும்மா உக்காந்திருக்கணும்."

"அது எனக்குக் கைவந்த கலையாச்சே!" என்றார் மச்சினர். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் தகுதிக்கேற்ற வேலை வந்திருக்கிறது என்ற மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது.

முன்னால் மச்சினர். பின்பக்கம் இளைத்துவிடக் கூடாதே என்று டிக்கியில் மணல் மூட்டைகள். சக்கரக் குழிக்குள் சக்கரம் பாதி மறையும்படி கார் அமுங்கி நின்றது. மனைவி வாசலில் நின்று இந்த ஏற்பாட்டைப் பார்த்து, "குழந்தையைத் தூங்க வைக்கப் போறீங்களா, வீடு கட்டப் போறீங்களா?" என்று கேட்டாள். அவர் வண்டியைக் கிளப்பினார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த யோசனை பலித்தது. வேகத்தடையில் கார் ஒரு மூச்சு விட்டதோடு சரி. சாக்கடை மூடி தெரியவில்லை. பேத்தியின் கண்கள் பாதி மூடின. மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சந்தோஷத்தில் சத்தம் வந்துவிடக் கூடாதென்று. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது முக்கால் மூடின. அந்த நேரம் பார்த்து, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய மச்சினர் தூங்கிவிட்டார். தூங்கினால் பரவாயில்லை. அவர் குறட்டை விட்டால் அடுத்த வீட்டில் பாத்திரம் அதிரும்.

பேத்தி திடுக்கிட்டு விழித்து வீறிட்டாள். "மாமா! மாமா!" என்று மகள் பின்னாலிருந்து தோளைக் குத்தினாள். "ஆங்? வந்தாச்சா?" என்றார் அவர், வந்தாச்சா என்பதையும் உரக்க. இந்தக் களேபரத்தில் ஓட்டுகிறவருக்குக் கவனம் சிதறியது. மைதானத்துத் திருப்பத்தில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக வளைத்தார். அங்கே ரோடு அலை அலையாகப் பெயர்ந்து கிடக்கும். பின்சக்கரங்கள் ஒரு மேட்டில் ஏறிக் குதித்தன, குதித்தவை உடனே தரையில் இறங்கவில்லை. டிக்கியில் மணல் மூட்டைகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. காரின் வால் தன் பாட்டுக்கு வெளியே வழுக்கி, ரோட்டின் நடுச்சுவரைப் பார்த்துப் போனது.

இழுத்துப் பிடித்துவிட்டார். அவர் கையல்லவா, பிடித்துவிட்டார். சுவருக்கும் காருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருந்திருக்காது. ஓரமாக நிறுத்தி, திரும்பிப் பார்த்தார். மகள் குழந்தையின் மேல் முழுக்கக் கவிழ்ந்து கிடந்தாள். குழந்தை ஆச்சரியத்தில் அழுகையை நிறுத்தியிருந்தது. மச்சினர் இப்போதுதான் முழுசாக விழித்திருந்தார்.

 வீடு வரை நடக்கிற வேகத்தில் ஓட்டி வந்தார்.  யானைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் மகளையும் பேத்தியையும் முதுகில் வைத்துக்கொண்டா சறுக்க வேண்டும்? பயம் என்றால் பயம், அப்படி ஒரு பயம் அவருக்கு ஆம்புலன்ஸ் ஓட்டின காலத்தில்கூட வந்ததில்லை.

சாயந்திரம் மகள் குழந்தையின் எடையைப் பார்த்தாள். வீட்டில் ஏறி நின்று பார்க்கிற எடை மிஷின் ஒன்று உண்டு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள், இறங்கினாள். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் ஏறினாள். கழித்துப் பார்த்து, "ஆறு கிலோ" என்றாள். அந்த மிஷினைப் பார்த்ததும், கடையில் சக்கரத்தைத் தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது அவருக்கு ஞாபகம் வந்தது. எழுந்து வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு புதுச் சக்கரத்தைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். வேட்டியெல்லாம் தூசி. மிஷின் மேல் ஏறி நின்றார். சக்கரம் மறைப்பதால் அவருக்கு முள் தெரியவில்லை.

"இந்தா, குனிஞ்சு பாத்துச் சொல்லு" என்றார் மனைவியிடம்.

"இதை வேற எடுத்து வளக்கப் போறோமா?" என்று கேட்டுக்கொண்டே அவள் குனிந்து பார்த்துச் சொன்னாள். மறுபடி வெளியே போய், டிக்கியில் மணலுக்கு அடியில் கிடந்த ஸ்பேர் சக்கரத்தை எடுத்து வந்தார். அது மட்டும் பழைய ஜாதி. கடையில் கொடுக்க மறந்துபோனது. அதை அணைத்துக்கொண்டு ஏறினார். மனைவி திரும்பவும் குனிந்தாள். இரண்டையும் மகள் கழித்துப் பார்த்தாள். பேத்தியைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள்.

"ஆறு கிலோப்பா" என்றாள். "ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு குட்டியை எக்ஸ்ட்ரா கட்டி விட்டிருக்கீங்க."

"நாலு குட்டி!" என்றார் மச்சினர், நாற்காலியிலிருந்து. இதில் தனக்கு ஒரு பங்கும் இல்லாத மாதிரி.

மனைவிக்கு அப்போதுதான் விஷயம் முழுசாகப் புரிந்தது. "அப்போ கீழ சக்கரத்தால பிள்ளையையும் கிள்ளிவிட்டு, மேல மணலை ஏத்தித் தொட்டிலையும் ஆட்டியிருக்கீங்க" என்றாள். அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குப்பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். கனமான பாத்திரமாகப் பார்த்து வாங்கினதில் தனக்கும் பங்குண்டு என்பதை அவள் சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் சக்கரத்தை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். மனசு முழுக்கச் சரியாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் ஒரு துணியை எடுத்து நாலு சக்கரத்தையும் துடைத்தார். போகிற வழியில், சிக்னலில் ஒரு பையன் பைக்கை ஒட்டி நிறுத்தி, "சூப்பரா இருக்கு அங்கிள்!" என்று கட்டைவிரலைக் காட்டினான். அழுகை வரும் போலிருந்தது அவருக்கு. இத்தனை வருஷம் கழித்து ஒருவன் சொல்கிறான், அதுவும் திருப்பிக் கொடுக்கப் போகிற அன்றைக்கு.

கடைக்காரர் அவர் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"அது அப்படித்தான் அண்ணே" என்றார். "ஸ்பிரிங்குக்கு மேல இருக்கிற கனம் வேற, கீழ இருக்கிற கனம் வேற. மேல ஆளை ஏத்துங்க, பெட்டியை ஏத்துங்க, ஸ்பிரிங் தாங்கும். வீல் ஸ்பிரிங்குக்குக் கீழல்ல இருக்கு? லேசான வீல்னா மேட்டுல ஏறும், டக்குனு இறங்கிடும், மேல இருக்கிறவங்களுக்குத் தெரியாது. கனத்த வீல் ஒரு தடவை மேல எழும்பிடுச்சுன்னா சொன்னபடி கேக்காது. ஸ்பிரிங்கையும் நெட்டித் தள்ளிக்கிட்டு வந்து உங்க இடுப்புல இடிக்கும். திரும்ப இறங்கவும் நேரமாகும். அதுவரைக்கும் டயர் ரோட்டைப் பிடிக்காது. அங்கதான் உங்களுக்கு வழுக்கியிருக்கு. கிளம்புறதுக்கும் நிக்கிறதுக்கும்கூட அதைச் சுத்த வைக்கணும், நிறுத்தணும். எல்லாத்துக்கும் கனம்தான்."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க என்ன கேட்டீங்க? நாலு பேர் திரும்பிப் பாக்கணும்னு கேட்டீங்க. பாத்தாங்களா இல்லையா?"

"பாத்தாங்க."

"அப்புறம் என்ன அண்ணே? கண்ணுக்குன்னுதான் குடுத்தேன். இடுப்புக்குன்னு குடுக்கலையே."

 அவர் தன் பழைய சக்கரங்களைக் கேட்டார். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். இரண்டிரண்டாக அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டு, கடை வாசலில் பெஞ்சாக்கியிருந்தார்கள். அதில் இரண்டு பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டீயைக் கையில் பிடித்தபடி அவர்கள் எழுந்து நிற்க, பெஞ்சு கலைந்து காருக்குக் கீழே போனது. ஒல்லியான, கறை படிந்த, யாரும் இரண்டாம் தடவை பார்க்காத சக்கரங்கள். ஜாக்கியை இறக்கியதும் கார் ஒரு சுற்றுக் குள்ளமாகிவிட்டது. புதுச் சக்கரங்கள் திரும்பச் சுவருக்குப் போவதைப் பார்க்கப் பிடிக்காமல் உடனே கிளம்பிவிட்டார்.

வீட்டு வாசலில் மச்சினர் தயாராக நின்றார். "மாமா, நான் வரட்டுமா? இந்தத் தடவை தூங்க மாட்டேன்."

"நீ வீட்டுல தூங்கு மச்சான். அங்கதான் உனக்கு வசதி" என்றார்.

மதிய வெயில் சாய்கிற நேரம். பேத்தியை வாரில் பூட்டினார். மகள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நம்பிக்கையோடு ஏறின மாதிரி தெரியவில்லை. அப்பா மனசு கோணக் கூடாதே என்று ஏறின மாதிரி இருந்தது. "ஒரே ஒரு சுத்துப்பா. முடியலைன்னா விட்டுடுவோம்" என்றாள்.  இவ்வளவு நாளில் அந்தப் பெண் ஒரு முழுத் தூக்கம் தூங்கவில்லை. இன்றைக்கும் முடியவில்லை என்றால் அவளுக்குக் கொடுக்க அவர் கையில் வேறு ஒன்றும் இல்லை.

கிளப்பினார். வேகத்தடை வந்தது, போனது. சாக்கடை மூடி வந்ததே தெரியவில்லை. கார் சொன்ன இடத்தில் திரும்பியது, நினைத்த இடத்தில் நின்றது. மைதானத்துத் திருப்பத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வளைத்தார். சக்கரங்கள் மேடுகளில் ஏறி ஏறி இறங்கின, உள்ளே ஒரு அசைவுதான். ரயில்வே கேட்டில் தடக் இல்லை. தண்டவாளத்தைத் தாண்டிவிட்டதா என்று பக்கக் கண்ணாடியில் பார்க்க வேண்டியிருந்தது.

அதற்குப்பிறகுதான் தைரியம் வந்து, உள்கண்ணாடியில் பேத்தியைப் பார்த்தார்.

கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருந்தாள்.

அழவில்லை. ஆனால் தூங்குகிற எண்ணம் துளியும் இல்லை. ஜன்னலில் ஓடுகிற மர நிழலைப் பார்த்தாள், தன் விரலைப் பார்த்தாள், திரும்பவும் நிழலைப் பார்த்தாள்.  ஊர்க் குழந்தைகளை எல்லாம் தூங்க வைத்தாயிற்று, சக்கரத்தையும் கழற்றிக் கொடுத்தாயிற்று, இனி எதைக் கழற்றுவது? ஸ்டியரிங்கையா?

"தப்பா எடுத்துக்காதேம்மா" என்றார் மெதுவாக. "இன்னைக்கும் தூங்க மாட்டேங்கிறாளே. நான் என்னதான் செய்யட்டும், சொல்லு."

பின்னாலிருந்து பதில் இல்லை. கோபித்துக்கொண்டாளோ என்று கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினார்.

மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. ஒரு கை குழந்தையின் இருக்கைமேல் கிடந்தது, விரல்கள் முழுக்கத் தளர்ந்து போயிருந்தன. காது எங்கேயும் இல்லை. எத்தனை நாள் தூக்கமோ, அத்தனையும் ஒன்றாக வந்து அவள்மேல் விழுந்திருந்தது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பேரைத் தூங்க வைத்திருக்கிறார். ஒருவர் தூங்கியதற்காக அவர் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைக்கக்கூட ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை, வண்டி அசைந்துவிடுமோ என்று பயம்.

வீட்டு வாசல் வந்தது. மனைவி படியில் நின்று, என்ன ஆச்சு என்று கையால் கேட்டாள். அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, நிற்காமல் தாண்டிப் போனார். அடுத்த சுற்றில் மச்சினரும் வந்து நின்று, தூங்கிட்டாளா என்று தலையைச் சாய்த்து ஜாடை காட்டினார். இவர் ஆமாம் என்று தலையசைத்தார், யார் என்று சொல்லவில்லை. போன் அதிர்ந்தது, ஏதோ சவாரி. அணைத்துவிட்டார்.

கண்ணாடியில் பேத்தி இப்போது அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ முழிச்சுக்கோடி கண்ணு" என்றார், உதடு மட்டும் அசைய. "சத்தம் மட்டும் போடாதே. அம்மா தூங்கட்டும்."

பேத்தி ஒரு காலைத் தூக்கி உதைத்துக்கொண்டாள், சத்தம் போடவில்லை. தூரத்தில் ரயில்வே கேட் இறங்கிக்கொண்டிருந்தது. நின்றால் மகள் விழித்துவிடுவாள். முன்னாலேயே திரும்பி, மைதானத்தைச் சுற்றி இன்னொரு சுற்று போனார்.